நிழலுக்கு நாம் பட்ட கடன்

மாலைப் பொழுதில், இருமருங்கும் மரங்கள் ஓங்கி நிற்கும் ஒரு நீண்ட சாலையில் காலாற நடப்பதைக் காட்டிலும் எளிய இன்பம் வேறொன்று இருக்க முடியாது. அதற்குச் செல்வம் வேண்டியதில்லை, கல்வி வேண்டியதில்லை, துணைகூட வேண்டியதில்லை. இரண்டு கால்களும் சிறிது நேரமும் இருந்தால் போதும். இத்துணை எளிய ஒன்றைப் பற்றி எண்ணிப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அன்பர்கள் வினவலாம். யாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். எம் பெரியப்பா ஒரு நாள் பெங்களூர்க் கப்பன் பூங்காவில் கேட்ட ஒரு கேள்விதான் அந்த எண்ணத்தை மாற்றியது.

பெரியப்பா கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் நிலத்தடியில் உழைத்தவர். வடஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து அவருடைய பாட்டனார் கைக்குழந்தையோடும் ஒரு துணி மூட்டையோடும் தங்கவயலுக்கு வந்தார் என்பது எம் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மூன்று தலைமுறைகள் ஒரே சுரங்கத்துக்குள் இறங்கி ஏறின. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது பெரியப்பாவிடம் எஞ்சியிருந்தவை லைன் வீடு ஒன்றும், கல்தூசு படிந்த நுரையீரலுமே. அதன்பின் சில ஆண்டுகள் கழித்து, மூச்சுத் திணறலுக்காக அவரைப் பெங்களூருக்கு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை இரயிலில் சென்று, மருத்துவரைக் கண்டு வெளியே வந்தபோது, ஊர் திரும்பும் இரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. வெயிலும் மிகுதி. ஆதலின் கப்பன் பூங்காவுக்குள் நுழைந்தோம்.

வாயிலில் பெரியப்பா தயங்கி நின்றார். "இங்க சும்மா நடக்கலாமாப்பா? யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?" என்றார். "யாரும் கேக்க மாட்டாங்க, வாங்க பெரியப்பா" என்று அழைத்துச் சென்றோம். உள்ளே மழைமரங்கள், நம்மவர் தூங்குமூஞ்சி மரம் என்பார்களே அவை, சாலையின் குறுக்கே கிளைகளைக் கோத்துக்கொண்டு நின்றன. அந்த நிழலில் நடக்கத் தொடங்கியதும் அவருடைய நடை எமக்கு வியப்பளித்தது. மூச்சு வாங்கும் நிலையிலும் அவர் விரைந்து நடந்தார். சங்கு ஊதுவதற்குள் சுரங்க வாயிலை அடைய வேண்டியவரின் நடை அது. "மெதுவா நடங்க பெரியப்பா, நமக்கு என்ன அவசரம்" என்றோம். "மெதுவா நடந்து பழக்கமில்லப்பா" என்றார்.

பின்னர் ஒரு கல்லிருக்கையில் அமர்ந்தார். நெடுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் கேட்டார்: "இவ்ளோ நிழலு. இதுக்கு நாம யாருக்கு என்னா குடுத்தோம்?"

அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. அந்த வினாவை இன்று இம்மலரைப் படிக்கும் அன்பர்கள்முன் வைக்க விழைகிறோம். பொதுப் பூங்கா ஒன்றில் உலாவுகின்றவன் தான் உழைத்து ஈட்டாத ஒன்றைத் துய்க்கிறான். அவ்வாறு துய்ப்பதனால் அவனுக்குக் கடன் ஏதும் உண்டாகிறதா? உண்டாயின், அக்கடன் யாருக்கு உரியது? அதை எவ்வாறு தீர்ப்பது?

முதலில் ஒருவர் கூறக்கூடிய விடை இது: "பெரியப்பாவே, நீர் கொடுக்காமல் இல்லை, நிறையவே கொடுத்திருக்கிறீர்." இவ்விடையை எளிதில் தள்ளிவிட முடியாது. தங்கவயலுக்கும் அந்தப் பூங்காவுக்கும் உள்ள உறவு பலர் அறியாதது. கப்பன் பூங்கா 1870-இல் மைசூரின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கியின் முயற்சியால் 100 ஏக்கர் பரப்பில் அமைக்கப்பட்டது. பின்னர் விரிந்து ஏறத்தாழ 300 ஏக்கரானது. 1927-இல் அதற்குச் சாமராஜேந்திரப் பூங்கா என்று அரசுமுறைப் பெயர் சூட்டப்பட்ட பின்னும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. பூங்கா தோன்றிய அதே பத்தாண்டுகளில்தான், பெங்களூரில் வாழ்ந்த மைக்கேல் லாவெல் என்னும் அயர்லாந்துப் படைவீரர் கோலார்ப் பகுதியில் தங்கம் தேடும் உரிமையைப் பெற்றார். பூங்காவுக்கு அருகிலேயே செல்லும் லாவெல் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் குழுமத்தார் சுரங்கங்களை நடத்தினர். அதன்பின் நூற்றிருபது ஆண்டுக் காலத்தில் தங்கவயல் ஈந்த பொன் ஏறத்தாழ 800 டன். மைசூர்ச் சமத்தானம் அப்பொன்னுக்கு ராயல்டி பெற்று வந்தது.

பூங்காவின் நடுவே செந்நிறத்தில் ஓங்கி நிற்கும் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தைப் பாருங்கள். 1915-இல் எழுந்த அக்கட்டடத்தில் நூலகம் இயங்குகிறது. பாலக்காட்டுப் பகுதியில் பிறந்து, 1883 முதல் 1901 வரை மைசூரின் திவானாக விளங்கியவர் சேஷாத்ரி ஐயர். காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்னாற்றல் எடுக்கும் பெருந்திட்டம் அவர் காலத்தில் தொடங்கப்பெற்றது. 1902-இல் அம்மின்னாற்றல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே கடந்து முதன்முதலாக வந்து சேர்ந்த இடம் பெங்களூர் அன்று, தங்கவயலே. பெங்களூரின் தெருவிளக்குகள் மின்னொளி பெற்றது 1905-இல்தான். அந்த ஒளியைக் காணாமலே திவான் 1901-இல் மறைந்துவிட்டார் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று. பின்னர் அது நமக்குப் பயன்படும்.

எனவே, தங்கவயல் தொழிலாளி அப்பூங்காவுக்கு அயலான் அல்லன். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும் இடத்தில், அவன் சிந்திய வியர்வையின் ஒரு துளி அந்த நகரத்தின் வளத்தில் கலந்தே இருக்கிறது. "இது என் கூலியின் ஒரு பகுதி, ஆதலின் நான் யாருக்கும் கடன்பட்டவன் அல்லன்" என்று அவன் தலை நிமிர்ந்து கூறலாம். கூறினால் அதை மறுக்கும் தகுதி நமக்கு இல்லை.

ஆயினும் இவ்விடை முழுமையானதன்று. அந்த இருக்கையில் பெரியப்பாவுக்கு அருகே பள்ளி விட்டு வந்த சிறுவன் ஒருவன் அமர்ந்திருந்தான். அவன் எந்தச் சுரங்கத்திலும் இறங்கியதில்லை. எவருக்கும் எதையும் ஈட்டித் தந்ததில்லை. அவனுக்கு அந்த நிழல் உரியதன்று என்று கூற நம் மனம் ஒப்புமா? ஒப்பாது. உழைப்பின் விலையாகத்தான் நிழல் கிடைக்கும் என்றால், உழைக்க இயலாத முதியோரும் நோயாளரும் குழந்தைகளும் வெயிலில் நிற்க வேண்டியவர்களே. கூலிக் கணக்கு சந்தைக்குப் பொருந்தும். பொது நிழலுக்குப் பொருந்தாது. அங்கே அமர்வதற்கு மனிதனாய் இருப்பது ஒன்றே போதிய தகுதி.

அவ்வாறாயின், "நிழல் அனைவர்க்கும் பொது, ஆதலின் எவருக்கும் கடன் இல்லை" என்னும் இரண்டாவது விடை சரியாகிவிடுமோ? மழை பெய்கிறது, காற்று வீசுகிறது. அவற்றுக்கு யாம் விலை கொடுப்பதில்லையே, அதுபோல நிழலும் இயற்கையின் கொடை என்பர் சிலர். இதில் ஒரு பிழை இருக்கிறது. மழையை எவரும் நடவில்லை. பூங்காவின் மரங்களையோ ஒருவர் நட்டார். ஒருவர் நீர் ஊற்றினார். ஒருவர் ஆடு மாடு அணுகாமல் காத்தார். ஒருவர் நாள்தோறும் சருகு கூட்டுகிறார். பெங்களூரின் தோட்டங்களை நெடுங்காலம் பேணிய க்ரும்பீகல் என்னும் செருமானியர், ஆண்டின் ஒவ்வொரு பருவத்திலும் ஏதேனும் ஒரு மரம் பூத்து நிற்குமாறு நகரத்து மரங்களைத் தேர்ந்தவர் என்று போற்றப்படுகிறார். தாம் பிறந்த மண்ணுக்குத் திரும்பாமல் 1956-இல் பெங்களூரிலேயே மறைந்தார். அவர் பெயரையேனும் நாம் அறிவோம். அவர் காட்டிய இடத்தில் குழி தோண்டிய தோட்டக்காரரின் பெயரை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. இயற்கையின் கொடை என்று நாம் கூறும்போது அந்தப் பெயரற்ற கைகளை மறந்துவிடுகிறோம். இது நன்றி மறத்தலின் நயமான வடிவம்.

இங்கே ஒரு தடை எழுகிறது. "அப்பூங்காவை அமைத்தவர்கள் நம்மை ஆண்ட அன்னியர். தங்கள் உலாவுக்கும் இன்பத்துக்குமாக அமைத்தார்கள். தங்கவயலிலும் அவர்கள் இருந்த பக்கத்தில் பங்களாக்களும் தோட்டங்களும் மன்றமும் புல்வெளியும் இருந்தன; நம் முன்னோர் இருந்த பக்கத்தில் மூங்கில் தட்டி வீடுகளே இருந்தன. அவர்களுக்கா நாம் கடன்பட்டவர்கள்?" என்று நம் இளைஞர்கள் கேட்பார்கள். கேட்பது நேர்மையே.

உலகில் பெருநகரப் பூங்காக்கள் பலவற்றின் வரலாறு இத்தகையதுதான். நியூயார்க் நகரின் நடுப்பூங்காவில் எல்ம் மரங்கள் வரிசையாக நிற்கும் புகழ்பெற்ற நடைச்சாலை ஒன்று உண்டு. அப்பூங்காவுக்காக 1857-ஆம் ஆண்டளவில் செனெகா கிராமம் என்னும் குடியிருப்பு அகற்றப்பட்டது. அங்கே வாழ்ந்தோரில் பெரும்பாலோர் தங்கள் உழைப்பால் சொந்த நிலமும் தேவாலயமும் பெற்றிருந்த கறுப்பின மக்கள். இன்னும் பின்னே சென்றால், ஏதென்சு நகரில் அரிசுடாட்டில் தம் மாணவரோடு நிழலில் உலாவியவாறே மெய்யியல் பேசினார் என்பர். அந்த ஓய்வு அவர்களுக்குக் கிடைத்தது எவ்வாறு? அடிமைகள் வயலிலும் வீட்டிலும் வெள்ளிச் சுரங்கத்திலும் உழைத்ததனால். ஆதலின் உலாவுகின்றவனுடைய ஒவ்வோர் அடிக்குக் கீழும் உலாவ முடியாத ஒருவனுடைய உழைப்பு இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதைக் கேட்டு, "அப்படியாயின் உலாவுதலே பாவம், நேர்மையுள்ளவன் பூங்காவுக்குள் காலடி வைத்தலாகாது" என்று முடிவு செய்துவிடலாமா? அவ்வாறு செய்தால் நாம் மீண்டும் தவறுவோம். இன்பம் சிலருக்கே கிடைத்தது என்பதுதான் குறை. அதை அனைவருக்கும் விரிப்பதே அதற்கு மருந்து, அழிப்பது மருந்தன்று. இலண்டனின் கிழக்குப் பகுதியில் நெருக்கடியில் வாழ்ந்த உழைப்பாளி மக்களுக்காகப் பூங்கா வேண்டுமென்று 1840-இல் முப்பதாயிரம் பேர் கையொப்பமிட்டு விக்டோரியா அரசியிடம் விண்ணப்பம் செய்தனர். 1845-இல் அப்பூங்கா திறக்கப்பட்டது. அவர்கள் செல்வர்களின் பூங்காக்களைப் பூட்டுமாறு கேட்கவில்லை. தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். ஓய்வு என்பது செல்வர்க்கு மட்டும் வாய்க்கும் பேறு என்ற கருத்தை அது ஆட்டங்காண வைத்தது.

நம் மொழியிலேயே இதற்கொரு சான்று உண்டு. உலா என்பது தமிழில் ஒரு சிற்றிலக்கிய வகை. அதில் உலா வருபவர் யார்? இறைவன், அல்லது அரசன். மற்றவர்கள் தெருவோரம் நின்று காண்பவர்கள். உலா வருதல் ஒருவனுக்கு. கண்டு வியத்தல் ஊருக்கு. அந்தச் சொல்லை இன்று நாம் எவ்வளவு இயல்பாக நம் வீட்டுப் பெண்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆக்கிக்கொண்டுவிட்டோம்! "சற்றே உலாவி வருவோம்" என்று ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் கூறும்போது, அரசனுக்கு மட்டும் உரியதாயிருந்த ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறது. வாயிலில் தயங்கி நின்ற பெரியப்பாவின் கால்களுக்கு இச்செய்தி இன்னும் எட்டியிருக்கவில்லை. அவருடைய குற்றமா அது? நடப்பதென்றால் ஷிஃப்டுக்குச் செல்வது என்றே மூன்று தலைமுறையாகப் பழக்கப்பட்ட கால்கள் அவை. மெதுவாக நடக்கும் உரிமையை ஒரு மனிதன் அறுபது வயதில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதே நாம் வருந்தத்தக்க செய்தி.

மெதுவாக நடத்தல் வீண்பொழுது அன்று. புத்தகயையில், ஞானம் பெற்றபின் புத்தர் உலாவிய இடம் என்று ஒரு நடைமேடை இன்றும் காட்டப்படுகிறது. உட்கார்ந்து எண்ணியதைப் போலவே நடந்தும் எண்ணினார் அவர். இச்செய்தி தங்கவயல் தமிழருக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் நம் ஊரில் வேரூன்றியது. சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை நூல்களை வெளியிட்டது. பகலெல்லாம் பாறை குடைந்தவர்கள் விளக்கொளியில் அந்நூல்களைப் படித்தார்கள். உழைப்பவனுக்கு ஓய்வு கிடைத்தால் அவன் அதைப் பாழாக்குவான் என்று கூறுவோருக்கு இதைவிட நல்ல மறுமொழி வேண்டுவதில்லை.

ஆகவே நிழலைத் துறத்தல் அறமன்று. துய்த்தலே முறை, கடன் உண்டு என்று அறிந்து துய்த்தல் வேண்டும். இனி, அக்கடனை எவருக்குத் தீர்ப்பது என்னும் வினா எஞ்சுகிறது. நட்டவர் மறைந்துவிட்டார். அவருள் சிலர் நம்மை ஆள வந்தவர். சிலர் நம்மைப் போன்ற ஏழைத் தோட்டக்காரர். நல்லவருக்கும் தீயவருக்கும் பிரித்துப் பிரித்து நன்றி செலுத்தும் கணக்கு எவருக்கும் இயலாது. அவர்கள் அதை எதிர்பார்த்து நடவும் இல்லை. பின்னோக்கித் தீர்க்க முடியாத கடன் இது.

இவ்விடத்தில் நம் மக்களின் பழைய வழக்கம் ஒன்று நமக்கு வழி காட்டுகிறது. தமிழ்நாட்டின் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கற்களை அன்பர்கள் கண்டிருக்கலாம். இரண்டு கற்களை நிறுத்தி, மேலே ஒன்றைக் குறுக்காக வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர், பிறர் உதவியின்றிச் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம். கருவுற்ற நிலையில், சுமையை இறக்காமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் அதை நாட்டுவது வழக்கம். எண்ணிப் பாருங்கள்: இறந்தவளுக்கு இனி அவர்கள் எதுவும் செய்ய முடியாது. அந்தத் துயரத்தை வழியில் வரும் முன்பின் அறியாத ஒருவனுடைய ஆறுதலாக மாற்றினார்கள். அவன் அவள் பெயரைக் கேட்பதில்லை. நன்றி கூறுவதற்கு அங்கே ஆளும் இல்லை. திருப்பிக் கொடுக்க இயலாததை முன்னோக்கிக் கொடுத்தல் என்பது இதுவே. பூங்காவின் கல்லிருக்கை நமக்குப் புதியதன்று. அது சுமைதாங்கியின் உடன்பிறப்பு.

சாலையோரம் மரம் வளர்த்தலும் இவ்வாறே. மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தருமாறு சாலைகளில் ஆலமரங்களை நடச் செய்ததாக அசோகன் தன் தூண் கல்வெட்டில் பொறித்தான். அதோடு நில்லாமல், மக்கள் அறத்தின் வழி நடக்க வேண்டும் என்பதற்காகவே இவற்றைச் செய்ததாகவும் அவன் கூறுகிறான். நிழலுக்கும் அறத்துக்கும் என்ன தொடர்பு என்று யாம் முன்னர் வியந்ததுண்டு. பெரியப்பாவின் கேள்வியைக் கேட்டபின் அது விளங்கியது. பிறர் நட்ட நிழலில் அமர்ந்தவனுக்கே, "யாம் யாருக்கு என்ன கொடுத்தோம்" என்ற எண்ணம் பிறக்கிறது. வள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் உதவும் செல்வத்துக்கு உவமை தேடியபோது, ஊரார் உண்ணும் நீர்நிலையையும், ஊர் நடுவே பழுத்த மரத்தையும், மருந்தாகும் மரத்தையுமே கண்டார் என்பதும் இங்கே எண்ணத்தக்கது.

முன்னோக்கித் தீர்க்கும் கடன் பேச்சளவில் எளிது. அது நம்மைச் சுடுமிடம் நம் ஊர்தான். ஒவ்வொரு விடியலிலும் தங்கவயலின் ஆண்களும் பெண்களும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள், இரவில் திரும்புகிறார்கள். நகரத்தின் மரங்களைச் சாளரம் வழியே காண்கிறார்கள். உலாவ நேரம் இல்லை. திரும்பி வரும் ஊரிலோ, பொன் எடுத்தபின் கொட்டிய சயனைடு மேடுகள் மூன்று கோடி டன்னுக்கும் மேலாகக் குவிந்து நிற்கின்றன. காற்றுக் காலத்தில் அவற்றின் தூசு வீட்டுக்குள்ளும் சோற்றிலும் படிகிறது. அந்நாளில் பூங்காவிலிருந்து இரயிலடிக்குச் செல்லும் வழியில் பெரியப்பா மெல்லச் சொன்னார்: "கீழ போனதுக்கெல்லாம் கணக்கு எழுதி வெச்சோம். மேல ஒண்ணும் வெக்கலையே." மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு ஓர் ஊர் உண்டாக்கிய மக்கள், தரைக்குமேல் தங்களுக்கென ஒரு நிழற்சாலையை உண்டாக்கிக்கொள்ளவில்லை. நிலம் அவர்களுடையதாக இல்லை. நேரமும் அவர்களுடையதாக இல்லை.

"இன்று மட்டும் நிலம் நம்முடையதா? லைன் வீடுகளின் உரிமையே உறுதியில்லாதபோது, பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியூருக்குப் பெயர்ந்துகொண்டிருக்கும்போது, மரம் நடுவது எவருக்காக?" என்று கேட்பவர் உண்டு. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றும், அது பெங்களூரில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் கடலுக்கு அப்பால் இருந்தாலும், தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. நிலைக்குமா நிலைக்காதா என்று தெரியாத மண்ணில் வேரூன்றிச் செய்யும் செயலைச் செய்யலாமா? வாடகை வீட்டுக்கு எவன் மரம் நடுவான்?

இதற்கு விடையைப் பூங்காவின் மரங்களே தருகின்றன. பெரியப்பாவுக்கு நிழல் தந்த மழைமரம் இந்நாட்டு மரமன்று, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. கோடையில் செந்தீயாய்ப் பூக்கும் மயிற்கொன்றை மடகாசுக்கரிலிருந்து வந்தது. நீலம் சொரியும் ஜகரண்டாவும் கடல் கடந்து வந்ததே. அவற்றின் அருகே இம்மண்ணின் மூங்கிலும் நிற்கிறது. வந்த மரம் எது, இருந்த மரம் எது என்று நிழலில் அமர்பவன் பிரித்துப் பார்ப்பதில்லை. வேற்று மண்ணில் வந்தவன் அம்மண்ணுக்குத் தன் உரிமையைச் சொற்களால் மெய்ப்பிக்க முற்பட்டால் வழக்குகளே மிஞ்சும். பிறருக்கு நிழல் தரும் ஒன்றை அங்கே ஊன்றிவிட்டுப் போனவனை நோக்கி, "நீ எவ்வூரான்?" என்று எவரும் நெடுநாள் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. உடைமை இருந்தால்தான் நடுவேன் என்பவன், தான் இதுவரை அமர்ந்த நிழல்கள் அனைத்தும் உடைமையில்லாதவர் கைகளால் நீரூற்றப்பட்டவை என்பதை மறந்துவிடுகிறான்.

நடுவது மட்டும் போதாது. காத்தலும் அக்கடனின் பகுதியே. கப்பன் பூங்காவையும் லால்பாகையும் காக்க 1975-இல் கர்நாடகத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 1998-இல் கப்பன் பூங்காவின் ஒரு பகுதியைக் காப்பு எல்லையிலிருந்து நீக்க அரசு முற்பட்டபோது, நகர மக்கள் தெருவில் இறங்கி எதிர்க்க வேண்டியிருந்தது. பொது நிழல் ஒருமுறை கிடைத்தால் என்றும் நிலைப்பதன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதை மீண்டும் பெற வேண்டும். உலாவ வருகின்றவன் வேறெதுவும் செய்ய இயலாதவனாயினும், சருகு கூட்டும் அம்மையாருக்கு வழிவிட்டு நிற்கவும், அவர் கூட்டிய இடத்தில் காகிதத்தை எறியாமல் இருக்கவும், பூங்காவுக்கு இடர் வரும் நாளில் குரல் கொடுக்கவும் இயலும். இவையும் கடன் தீர்த்தலே.

பெரியப்பா கேள்வியோடு நின்றுவிடவில்லை. ஊர் திரும்பிய அடுத்த மழைக்காலத்தில், லைன் வீடுகளுக்கு நடுவே, தெருக்குழாய்க்கு அருகில் மூன்று புங்கங்கன்றுகளை நட்டார். ஒன்றை ஆடு மேய்ந்தது. மற்றொன்று கோடையில் கருகியது. மூன்றாவதற்குக் கிழிந்த சாக்கும் முள்ளும் கட்டி, குழாயடியில் சிந்தும் நீரைச் சிறு வாய்க்கால் கீறி அதன் வேருக்குத் திருப்பிவிட்டார். அண்டை வீட்டார் சிலர் நகைத்தனர். "நாளைக்கு இந்த எடமே நம்மது இல்லன்னா என்ன பண்ணுவே அண்ணே?" என்று கேட்டவருக்கு, "எடந்தானே நம்மது இல்ல. நெழலுமா?" என்று விடை சொன்னார். அக்கன்று ஆளுயரம் வருவதற்குள் அவர் மறைந்தார். தாம் கொண்டுவந்த மின்னொளியைக் காணாமல் மறைந்த திவானைப் போல, தாம் நட்ட நிழலில் அமராமலே சென்றார். ஒருவருக்கு நகரின் நடுவே மண்டபம் எழுந்தது. மற்றவருக்கு ஒரு புங்கமரம். செயலின் தன்மை ஒன்றே.

இன்று அம்மரத்தடியில் விடியற்காலை இரயிலுக்குச் செல்லும் பெண்கள் துணைக்காக ஒருவருக்கொருவர் காத்து நிற்கிறார்கள். மாலையில் முதியவர் இருவர் ஒரு கல்லைப் போட்டு அமர்ந்திருக்கிறார்கள். புங்கம்பூ உதிரும் நாள்களில் தெருவே வெண்மை படர்ந்து கிடக்கிறது. அது ஒரு மரந்தான், சாலையாகாது. மேடுகளின் தூசை அது நிறுத்திவிடவும் இல்லை. அதை நிறுத்தும் பொறுப்பு மரம் நடுபவனுக்கு மட்டும் உரியதும் அன்று. ஆயினும் அதன்கீழ் நிற்கும் ஐந்து நிமிடமும் அப்பெண்கள் வெயிலில் நிற்பதில்லை.

அன்பர்களே, அடுத்த முறை தாங்கள் எந்நகரத்துப் பூங்காவில் உலாவினாலும் மெதுவாக நடங்கள். அந்த உரிமை எளிதில் வந்ததன்று. குற்றவுணர்வோடு நடக்க வேண்டியதில்லை. செருக்கோடும் நடக்க வேண்டியதில்லை. இருக்கையில் அமர்ந்ததும் மேலே ஒருமுறை பாருங்கள். பிள்ளைகள் உடன் வந்திருந்தால், "இவ்வளவு நிழலுக்கு நாம் யாருக்கு என்ன கொடுத்தோம்?" என்று அவர்களிடம் கேளுங்கள். விடையைத் தாங்களே சொல்லிவிட வேண்டாம். எம் பெரியப்பாவைப் போல, அவர்களும் ஊர் திரும்பும் வழியில் அதைத் தேடிக்கொள்வார்கள்.